மல்லியைக் கறந்தது யார்?

காலை ஆறு மணி. மல்லி எழுந்திருக்கவில்லை.

திருப்பதியை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகப் பால் பண்ணையில், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவருக்கு ஒரு மாடு. தீவனம் போட்டுக் கையால் கறந்து பழக வேண்டும். மல்லி, ஹரிதாவுக்கும் தமிழ்ச்செல்வனுக்கும். தடாவில் மாமா மகள் கல்யாணத்துக்குப் போன ஹரிதா இரண்டு நாள் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். மாட்டின் மடி கல்லாய் இறுகிக் கிடந்தது. தொட்டால் சுட்டது.

எதிரே தமிழ்ச்செல்வன் வந்தான். கையில் வாளி நிறையத் தூய வெள்ளைப் பால். வாளியின் வெளிப்பக்கம் முத்து முத்தாக ஈரம்.

"இப்பதான் கறந்தேன். அப்புறம் படுத்துக்கிச்சு."

மாட்டு டாக்டர் வரலட்சுமி ஓடி வந்து காம்பைப் பீய்ச்சினார். மஞ்சளாய்த் திரிதிரியாய் விழுந்தது.

"மடிநோய். அடிபட்டிருக்கணும், இல்ல பால் தேங்கியிருக்கணும்."

"பால் கறந்தாச்சே மேடம். அப்ப அடிதான்," என்றாள் ஹரிதா. வகுப்பே சுற்றி நின்றது. "நேத்து மாட்டைக் கட்டினது சலீம் அண்ணன். அவர் கம்ப ஓங்கினத ஒரு வாட்டி பாத்திருக்கேன்."

"ஓங்கினேன் பாப்பா. அடிக்கல," என்றார் ஒப்பந்தக் கூலியான சலீம்.

பண்ணை மேலாளர் அதைக் கேட்கவில்லை. "நாளைலேர்ந்து வேலைக்கு வராத!" சலீம் பண்ணையில் கொடுத்த ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்.

கூட்டம் கலைந்தது. டாக்டர் ஊசி போட, ஹரிதா கெட்ட பாலைப் பீய்ச்சி எடுத்தாள்.

"எப்பலேர்ந்து மேடம் இப்படி?"

"நேத்தே பால் திரிஞ்சிருக்கும்."

ஹரிதாவின் கை நின்றது. நேற்றே திரிந்திருந்தால், இன்று காலை வாளியில் இருந்த வெள்ளைப் பால்? அந்த ஈரம் நினைவுக்கு வந்தது. மடியிலிருந்து வரும் பால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வாளி வியர்க்காது. வியர்த்தது என்றால் பால் குளிர்ந்திருந்தது. பண்ணையில் குளிர்ந்த பால், கறந்ததைச் சேர்த்து வைக்கும் கூலரில் மட்டும்தான்.

தமிழ்ச்செல்வன் தீவன அறையில் உட்கார்ந்திருந்தான்.

"கூலர்லேர்ந்து ஊத்திக்கினு வந்தியா?"

அவன் தலை நிமிரவில்லை.

"எத்தினி வேளையா கறக்கல?"

"நீ போனதுலேர்ந்து. எங்க வூட்ல தறிதான் ஹரிதா. மாட்டாண்ட உக்காந்தாலே கை நடுங்குது. சொன்னா சிரிப்பாங்க."

"ரெண்டு மாசமா கத்துக்கலியா?"

"எங்க கத்துக்கறது? நான் உக்காந்தாலே 'நவுரு, லேட்டாவுது'ன்னு நீதான கறந்துக்கினு இருந்த?"

சத்தியவேட்டில் மாடுகளோடு வளர்ந்தவள் ஹரிதா. அவன் முறையிலும் தானே கறந்து, சீக்கிரம் முடித்த பெருமையில் அவனும் கறந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காது வரை சூடேறியது.

பண்ணை வாசலில், சாப்பாட்டுப் பையோடு சலீம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரு எதிர்லயும் ஒண்ணு சொன்ன. இத மட்டும் ரோட்டாண்ட வந்து சொல்றியே பாப்பா."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

பத்து மணி வகுப்பில் மேலாளரும் இருந்தார். மல்லி பிழைக்கும், ஒரு காம்பு மட்டும் இனிப் பால் தராது என்று டாக்டர் சொல்லி முடித்ததும் ஹரிதா எழுந்தாள். பக்கத்தில் தமிழ்ச்செல்வனும் தானாகவே எழுந்து நின்றான்.

"மாட்டை யாரும் அடிக்கல," என்று தொடங்கினாள். "ரெண்டு நாளா அதக் கறக்கல. கறக்காதவன் இவன். கறக்க விடாதவ நான். சலீம் அண்ணன் மேல பொய்ப் பழி போட்டதும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.