வெளித் தாழ்ப்பாள்

“என் நாவலோட கடைசி அத்தியாயம் திருடு போயிடுச்சு சார். எடுத்தது என் தங்கச்சிதான். நாளைக்கு அச்சுக்குப் போகணும்!”

வந்தவர் பேய்க்கதை மன்னர். இருபது நாவல்கள். பாழடைந்த மாளிகை, மாடியில் பூட்டிய அறை, உள்ளிருந்து கதவைத் தட்டும் பெண் என்று படிப்பவர்களைத் தொடைநடுங்க வைத்தவர். துப்பறிவாளரோ அச்சகத்தில் பிழைதிருத்தி ஓய்வு பெற்றவர். பேய்க்குப் பயமில்லை, எழுத்துப்பிழையைக் கண்டால்தான் ரத்தம் கொதிக்கும். பக்கத்தில் அவருடைய மச்சான், மன்னரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

“கதை எப்படி முடியுது?” என்றார் துப்பறிவாளர்.

“அது... இருக்கிற படபடப்புல மறந்துபோச்சு.”

மீதிப் பிரதியை வாங்கி, மன்னரின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் துப்பறிவாளர் படித்தார். மனைவியை இழந்த ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் நாவல். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தவர், வீடு வரும்வரை எடுக்கவில்லை.

தங்கையின் அறை மாடியில். ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். அண்ணன் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பவள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மச்சான் கதவைச் சாத்திவிட்டு உள்தாழ்ப்பாளைத் தேடினான்.

“மாமா, இதுல உள்ள தாழ்ப்பாளே இல்ல. வெளியிலதான் இருக்கு!”

“அண்ணன் போட்டுட்டுப் போவார்” என்றாள் தங்கை, தலை நிமிராமல். “‘முடிச்சதும் தட்டு’ன்னு மட்டும் சொல்வார். இருபது வருஷமா.”

துப்பறிவாளர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு இறங்கி வந்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார்: “‘மாடியில் அண்ணியின் காலடிச் சத்தம் கேட்டது.’ செத்துப்போன சொந்தப் பொண்டாட்டிய எந்தப் புருஷன் சார் அண்ணின்னு சொல்வான்?”

“அடிக்கும்போது தப்பு பண்ணியிருப்பா!”

“விரல் தவறினா ஓர் எழுத்து மாறும். ‘மனைவி’ எப்படி ‘அண்ணி’யாகும்? அதோ, சுவர்ல மாலை போட்ட படத்துல இருக்கிற உங்க மனைவி இவங்களுக்குத்தான் அண்ணி. அவங்களை நினைச்சு, மனசுலேர்ந்து நேரா எழுதினவங்க பண்ணின தப்பு இது. நீங்க எழுதியிருந்தா முடிவு மறந்திருக்காது. அந்த அத்தியாயம் திருடு போகல. இவங்க எழுதல.”

மச்சானின் முகம் தொங்கிப்போனது. வீட்டில் அந்த இருபது நாவல்களையும் அட்டை போட்டு வைத்திருந்தான்.

“ஏம்மா எழுதல?”

“இந்த ஒண்ணுலயாவது என் பேர் போடச் சொன்னேன்.”

“உன் பேர்ல வந்தா எந்த நாயி வாங்கும்?” என்று மன்னர் சீறினார். “பேயப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? அட்டையில இருக்கிற பேருக்குத்தான் புத்தகம் விக்குது!”

அவள் அழவில்லை. அழுது தீர்த்துவிட்டாள் போலும்.

“எழுதிட்டேன்” என்றாள். “மேசை இழுப்பறையில இருக்கு.”

மன்னர் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அவள் நிதானமாகப் பின்னால் போனாள். இழுப்பறை திறக்கும் ஓசை, பிறகு காகிதம் புரளும் ஓசை. அத்தனையும் வெள்ளைத் தாள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

மச்சான் எழப்போனான். துப்பறிவாளர் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

உள்ளிருந்து கதவு தடதடவென்று அதிர்ந்தது. “திறடி!”

அவள் பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

“முடிச்சதும் தட்டுங்க, அண்ணா.”