சிரிக்கும் பல்லும் அலறிய பெட்டியும்

பீப்... பீப்... பீப்!

கணினிப் பெட்டி அலறியது. சுண்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்த வேண்டியது பெட்டியின் வாயைத்தான். ஆனால் பெட்டிக்கு வாய் எங்கே இருக்கிறது?

"நிறுத்துண்ணா! அம்மா எழுந்துடுவாங்க!"

அண்ணன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக் கதவையே பார்த்தார்கள். மருத்துவமனையில் விடிய விடிய நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை, கதவு திறக்கவில்லை.

பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று வைத்த பெயர்தான் சுண்டு. இப்போது ஒன்பது வயது. ஆள் வளர்ந்துவிட்டாள், பயமும் கூடவே வளர்ந்துவிட்டது. குக்கர் விசில் என்றால் பயம். கரப்பான்பூச்சி என்றால் பயம். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருக்கும் முன்பல்லைத் தொடக்கூடப் பயம்.

அண்ணன் அவளுக்கு நேர் எதிர். திருகாணி உள்ள எந்தப் பொருளையும் அவன் வீட்டில் விட்டுவைத்ததில்லை. அப்பா அவனை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி கிண்டல் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது.

அப்பா கடைகளுக்குக் கணினியில் பெயர்ப்பலகை வரைபவர். இந்த முறை ஒரு பல் மருத்துவருக்கு வரைந்திருந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பல், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரிக்கும். படம் இன்று மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நாளை மறுநாள் அந்த மருத்துவருக்குத் திறப்புவிழா.

ஆனால் அந்தப் பல்லைத் திறந்தாலே கணினி அப்படியே உறைந்துபோனது. "மெமரி பத்தலை" என்று சொல்லி, கணினிக் கடைக்காரர் புது மெமரி ஒன்றைக் கொடுத்தார். கறுப்புச் சில்லுகள் ஒட்டிய பச்சைத் துண்டு அது, சீப்பைவிடச் சிறியது. அதை மாட்ட மெக்கானிக் நாளைதான் வருவாராம். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு நாள் அவகாசம் கேட்க அச்சகத்துக்கே கிளம்பிப் போனார்.

"அப்பா வர்றதுக்குள்ள நாமளே மாட்டிடலாம். மனுஷன் அசந்து போயிடுவாரு!" என்றான் அண்ணன்.

சுண்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் "நீதான் டார்ச் பிடிக்கணும்" என்று அவன் சொன்னதும் பெருமையாகத் தலையாட்டிவிட்டாள்.

எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க, அண்ணன் முதலில் பழைய மெமரியைக் கழற்றினான். பிறகு பழையது, புதியது இரண்டையும் வைத்து சுவிட்சைப் போட்டான். அப்போதுதான் பெட்டி அலறியது. திரை கும்மிருட்டாகவே இருந்தது.

"புதுசுதான் கோளாறு" என்று அதைக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டான்.

பீப்... பீப்... பீப்!

அண்ணன் சட்டென்று அணைத்தான். முகத்தில் ஈயாடவில்லை. "பழசு மட்டும் இருக்கறப்பவும் கத்துதே..."

"அண்ணா, அப்பாவோட பல்லு அழிஞ்சுபோச்சா?"

"இல்ல. படமெல்லாம் டிஸ்க்ல இருக்கும். அது அலமாரி மாதிரி. மெமரி மேஜை மாதிரி. அலமாரில இருக்கறதை எடுத்து, மேஜைல விரிச்சு வெச்சுதான் வேலை பார்க்க முடியும்."

"இப்ப மேஜையே இல்லையா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் சுண்டுவுக்கு நிஜமாகவே புரிந்தது. அண்ணனே பயப்படுகிறான் என்றால் விஷயம் பெரிதுதான்.

"எல்லாத்தையும் மூடி வெச்சிடலாம் சுண்டு. கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியாது, என்ன?"

சுண்டு அப்பாவை நினைத்துப் பார்த்தாள். வெயிலில் அலைந்துவிட்டு வருவார். சுவிட்சைப் போடுவார். பெட்டி அலறும். ஏன் என்று தெரியாமல் திருதிருவென விழிப்பார்.

"அப்பா பாவம்ணா. பிளக்கைப் பிடுங்கு. இன்னொரு தடவை பார்க்கலாம்."

டார்ச்சை அடித்துக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தை ஓரம் ஓரமாக நகர்த்தினாள்.

"நீ பழசை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ஓரத்துலயும் வெள்ளைக் கொக்கி நிமிர்ந்து நின்னுச்சு. நகத்தால நெம்பித்தானே எடுத்தே? இப்ப பாரு, ஒண்ணு சாஞ்சிருக்கு."

"சாஞ்சா என்ன? அதான் மாட்டியாச்சே."

"அந்த ஓரம் தூக்கிட்டு நிக்குது. சரியா உட்காரலைண்ணா. நீ நல்லா அமுக்கவே இல்ல."

"எப்படி அமுக்கறது? உடைஞ்சிட்டா?" என்றான் அண்ணன். "எனக்குப் பயமா இருந்துச்சு."

சுண்டு அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவ்வளவு அலட்டிக்கொண்டவன் பயந்து பயந்துதான் வைத்திருக்கிறான்!

"இப்ப அமுக்கு."

"நான் மாட்டேன். கை வெச்சாலே போர்டு வளையுது."

சுண்டு டார்ச்சை அவனிடம் கொடுத்தாள். அண்ணன் முன்பே சொல்லிக்கொடுத்தபடி, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டாள். தூக்கிக்கொண்டிருந்த ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். அசையவில்லை. இன்னும் அமுக்கினாள். அடியில் இருந்த போர்டு லேசாக வளைந்தது.

"விட்டுடு சுண்டு! உடையப் போகுது!"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கும் பலத்தையெல்லாம் கட்டைவிரலுக்குக் கொடுத்தாள்.

டக்!

"உடைஞ்சிடுச்சு" என்று முனகினான் அண்ணன்.

சுண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். சாய்ந்திருந்த கொக்கி தானாக நிமிர்ந்து மெமரியைக் கவ்விக்கொண்டிருந்தது.

பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டார்கள். பீப்! ஒரே ஒரு சின்னச் சத்தம். சுண்டுவுக்கு உயிரே போய்விட்டது. அடுத்த நொடி திரையில் வெளிச்சம் வந்தது.

மறுபடி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, புதியதையும் வைத்தார்கள். இந்த முறை அண்ணனே அமுக்கினான். டக், டக்! திரை மறுபடியும் ஒளிர்ந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா தொங்கிய முகத்தோடு உள்ளே வந்தார். அச்சகத்தில் அவகாசம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

அண்ணன் வாயில் விரலை வைத்து ஜாடை காட்டினான். சுண்டு மாற்றி மாற்றி இருவரையும் பார்த்தாள்.

"அப்பா, உங்களைக் கேக்காம நாங்களே மாட்டிட்டோம். கொஞ்ச நேரம் கெட்டுப்போச்சு. அப்புறம் சரியாயிடுச்சு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தைத் திறந்தார். சுண்டு அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பளிச்சென்று வந்தது பல்! உறையவில்லை, திணறவில்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு திரை முழுக்கச் சிரித்தது. அப்பா உடனே அதை அச்சகத்துக்கு அனுப்பிவைத்தார். அதன் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"இன்னொரு தடவை என்னைக் கேக்காமத் தொட்டீங்க, அவ்வளவுதான்!" என்றார். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது. "அது சரி சுண்டு, நீ பேசினா ஏன் காத்து காத்தா வருது?"

சுண்டு நாக்கால் துழாவினாள். முன்னால் காலி!

"என் பல்லு! என் பல்லைக் காணோம்!"

அண்ணன் டார்ச்சை எடுத்தான். அறை முழுக்கத் தேடினான். கடைசியில் பெட்டிக்குள் அடித்துப் பார்த்தான். அடியில், ஒரு மூலையில், குட்டியாக, வெள்ளையாகக் கிடந்தது.

"பெரிய பல்லு அச்சகத்துக்குப் போயாச்சு. இந்தச் சின்னப் பல்லை யாரு எடுக்கறது?" என்று கேட்டார் அப்பா.

"நான்தான் எடுப்பேன்" என்றாள் சுண்டு. "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க!"