தலைமாட்டில் நிற்பவன்

கம்பி சூடாக இருந்தது.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. பின்னறையின் தரை ஜில்லென்று பாதத்தில் ஏறியது, சுவர் ஈரத்தில் உப்பியிருந்தது, ஜன்னலைத் தொட்டாலே விரல் விறைத்தது. ஆனால் ஸ்டாண்டின் மேல் கிடந்த எடைக்கம்பி மட்டும், அதுவும் கைகள் பிடிக்கும் இரண்டு இடங்களில் மட்டும், யாரோ இப்போதுதான் விட்டுவிட்டு நகர்ந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவன் கையை எடுத்து பனியனில் துடைத்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் இதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு ஓடுமா? குறுகலான மாடிப்படிகளில் எத்தனையோ பேரைச் சுமந்து இறக்கியவன். அப்படி ஒருவரை இறக்கும்போதுதான் தோள் பிசகி, மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் உடல்தகுதித் தேர்வு. எடையைத் தூக்கிக் காட்டினால் மறுபடியும் வண்டியில் ஏறலாம். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் போன் எடுக்கும் நாற்காலிதான்.

தோள்களை மெல்லச் சுழற்றினான். முன்னால், பின்னால். கைகளை நீட்டி மடக்கினான். இடது கட்டைவிரலின் பழைய தழும்பு குளிரில் இறுகியது. உடம்பு சூடேறாமல் இரும்பைத் தொடக் கூடாது என்பதில் அவன் கறார். அப்போதுதான் கம்பியின் இரு முனைகளையும் பார்த்தான். ஸ்பிரிங் லாக்குகள் மாட்டியிருந்தன.

கம்பியில் கோக்கும் எடைத்தட்டு, அதாவது பிளேட், நழுவாமல் பிடித்துக்கொள்ளும் லாக். ஜிம்மில் அதைப் போடாவிட்டால் மாஸ்டர் கத்துவார். வீட்டில் தனியாகப் படுத்துத் தூக்குகிறவனுக்குக் கதையே வேறு. கை தளர்ந்து கம்பி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை நழுவ விட்டுத்தான் தப்பிக்க வேண்டும். லாக் இருந்தால் நழுவாது. அதனால் அவன் வீட்டில் லாக் போடுவதே இல்லை. ஒரு நாளும் இல்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்குப் போன் போட்டான்.

"பின்ரூமுக்குப் போனியா நீ?"

"அந்த இரும்புக்கடைக்குள்ள எனக்கென்ன வேலை? ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"தனியா வெயிட்டு கியிட்டு எதையாவது தூக்கித் தொலைக்காதீங்க. கிளம்பிட்டேன். நான் வந்தப்புறம் பண்ணிக்கலாம்."

"வெறும் கம்பிதான்டி. நீ வா."

லாக் இரண்டையும் கழற்றி, பெஞ்சில் படுத்தாலும் கண்ணில் படும்படி ஜன்னல் விளிம்பில் வைத்தான். படுத்து, வெறும் கம்பியை நெஞ்சுவரை இறக்கி ஏற்றினான். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. மழைச் சத்தத்துக்கு நடுவே தன் மூச்சு தெளிவாகக் கேட்டது. அது முடிந்த பிறகும் கொஞ்சம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான். மழை மட்டும்தான். கூடவே வலித்தைலத்தின் காரமான வாசனை, தலைக்குப் பின்னாலிருந்து. அவன் இன்று தைலம் போடவே இல்லை.

எழுந்து திரும்பிப் பார்த்தான். சுவரும் அழுக்குத் துண்டும். விளக்கைப் போட்டான். அதே சுவர், அதே துண்டு. கழுதை வயசாச்சு, இருட்டைப் பார்த்துப் பயமா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, தேர்வில் கேட்கும் அளவுக்கு பிளேட்டுகளைக் கோத்தான். கோத்து முடித்ததும் மனசு ஒப்பவில்லை. அவள் வரட்டும். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். பிடிமானம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று படுத்து, கம்பியைப் பற்றினான்.

ஸ்ட்ரெச்சர் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தலைமாட்டில் நிற்பவன்தான் எண்ண வேண்டும். தூக்கினாலும் இறக்கினாலும் அவன் சொல்லுக்குத்தான். கால்மாட்டில் நிற்பவன் யோசிக்கக் கூடாது. இத்தனை வருஷமும் அவன் கால்மாட்டுக்காரன்.

"ஒண்ணு."

தலைக்குப் பின்னால், தாழ்ந்த குரலில்.

"ரெண்டு. தூக்கு."

கைகள் தூக்கிவிட்டன. அவன் தூக்கவில்லை, கைகள்தான் தூக்கின, பழகிய கைகள். கம்பி ஸ்டாண்டை விட்டு எழுந்து நெஞ்சுக்கு மேலே வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உறைத்த அந்தக் கணத்தில் தோளுக்குள் ஏதோ பளிச்சென்று வெட்டியது. இடது முழங்கை மடங்கியது. கம்பி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

பதறாதே. சாய். வழி இருக்கிறது.

இடது பக்கம் சாய்த்தான். பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்தன. டக்கென்று நின்றன.

கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

விளிம்பு காலியாக இருந்தது.

வலது பக்கம். டக். அங்கேயும்.

கால்கள் தரையை உதைத்தன. உள்ளே போன மூச்சு வெளியே வந்தது, திரும்ப உள்ளே போக இடமில்லை. காதுக்குள் இரைச்சல். அந்த இரைச்சலைத் தாண்டி, வாசலில் சாவி திரும்பும் சத்தம்.

வந்துவிட்டாள். கடவுளே, வந்துவிட்டாள்.

குடையை உதறினாள். செருப்பைக் கழற்றினாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

"பின்ரூம்லதான்."

அவன் குரல். அச்சு அசல் அவன் குரல். அவன் வாயிலிருந்து வரவில்லை.

"வெறும் கம்பிதான்டி. நீ முதல்ல தலையைத் துவட்டு, சளி பிடிச்சுக்கப் போகுது."

"சொன்னா கேக்கவே மாட்டீங்களே. பாத்துப் பண்ணுங்க."

அவள் சிரித்தது கேட்டது. குளியலறைக் கதவு மூடிக்கொண்டது. குழாய்த் தண்ணீர் வாளியில் விழத் தொடங்கியது.

தைல வாசனை குனிந்து, முகத்துக்கு அருகே வந்தது. நெஞ்சின் மேல் கிடந்த கம்பியில், அவனுடைய கைகளை ஒட்டி, இன்னும் இரண்டு கைகள் படிந்தன. வெதுவெதுப்பான கைகள். இடது கட்டைவிரலில் அவனுடைய அதே பழைய தழும்பு.

"ஒண்ணு," என்றது அவன் குரல். "ரெண்டு. இறக்கு."