மரத்துப்போன பாதிச் சிரிப்பு

ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடப் போன நேரத்தில் நனைந்த குடை ஒன்று உள்ளே நுழைந்தது... பின்னாலேயே ஒருவன். வந்ததும் வராததுமாகக் குடையை ஒரு உதறு உதறினான். உள்ளே நின்றிருந்த பல் டாக்டர் பெண்ணின் வெள்ளைக் கோட்டெல்லாம் மழை.

"வெளியில பெய்யிறது பத்தலையா சார் உங்களுக்கு?"

"ஐயோ... ஸாரிங்க!" கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அவளுக்குக் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மழை கழுவிவிட்ட மாதிரி அப்படி ஒரு பளிச்... திட்டப் போனவள் தானும் சிரித்துவிட்டாள்.

அந்தக் கண்களை அடுத்த கால் மணி நேரத்திலேயே அவள் வெறுக்கவும் செய்தாள். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் தன் நெடுநாள் கனவை அன்றுதான் எடுத்துச் சொன்னாள்.

"ஈறு நோய் முத்தினா கிருமியும் வீக்கமும் மூளையையும் பாதிக்கலாம்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. இன்னும் உறுதியாகல. ஆனா மூளை வார்டுக்கு வர்றவங்களோட ஈறையும் ஒரு தடவை பார்த்துடுவோமே?"

வார்டின் புதுத் தலைவர் எழுந்தார். அட, குடைக்காரன்!

"அடுத்து முடி வெட்டுறவரும் வருவாரா டாக்டர்? அவரும் மூளைக்குப் பக்கத்துலதானே வேலை செய்யறாரு?"

கூட்டமே சிரித்தது. அவள் முகம் சிவக்க உட்கார்ந்தாள். இருக்கட்டும்... உன்னை ஒரு கை பார்க்கிறேன்!

அந்த வேளை தானாக வந்தது. ஒரு மாலை, அவனே முகக்கவசத்தோடு அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"பல் தேய்ச்சா ரத்தம் வருது... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

வாயை மூடிச் சிரித்தது இதற்குத்தானா! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். வாராவாரம் வந்தான். ஈறுக்கடியில் சுரண்டும்போதெல்லாம் குழந்தை மாதிரி நாற்காலியை இறுக்கிக்கொள்ளும் அவனிடம் எவ்வளவு நாள்தான் கோபத்தைப் பிடித்து வைப்பது?

"ஆராய்ச்சியெல்லாம் படிச்சேன். நீங்க கேட்டது நியாயம்தான்" என்றான் ஒரு நாள்.

"அதைக் கூட்டத்துல சொல்லுங்களேன்?"

தலையைக் குனிந்துகொண்டான். பொல்லாத கௌரவம்... அவளுக்கு வலித்தது.

ஒரு மதியம் மரப்பு ஊசி போட்டுச் சுத்தம் செய்து முடித்தபோது, வார்டிலிருந்து அவசர அழைப்பு. அப்படியே ஓடினான். உதடு ஒரு பக்கம் தொங்குகிறது, நாக்கு குழறுகிறது... தினமும் பக்கவாதத்தையே பார்க்கிற கூட்டம் சும்மா இருக்குமா?

"ஐயோ, சாருக்கு ஸ்ட்ரோக்!" என்று தலைமை நர்ஸ் அக்கா போட்ட கூச்சலில் ஸ்ட்ரெச்சர் பறந்து வந்தது; ஸ்கேன் எடுக்க அவனை அதில் படுக்கவும் வைத்துவிட்டார்கள்.

விஷயம் கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள் பல் டாக்டர். "ஸ்கேன் வேண்டாம்! அது வந்து..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே!

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

"ஸ்ட்ரோக் இல்ல... எனக்கு ஈறு நோய். இது மரப்பு ஊசி. இவங்கதான் வைத்தியம் பாக்குறாங்க." வார்த்தைகளைத் தள்ளித் தள்ளி வெளியே விட்டான். "அன்னைக்கு இவங்களைக் கேலி பண்ணினது என் தப்பு. நாளையிலிருந்து நம்ம வார்டுக்கு வர்ற எல்லாரும் இவங்ககிட்ட ஈறையும் காட்டணும்."

வார்டே கைதட்டியது. ஜெயித்துவிட்டாள்! அவளுக்குக் கண் நிறைந்தது.

"இன்னொண்ணு..." அவன் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"மரப்பு போனதும் சொல்லுங்க சார்... தெளிவா இருக்கும்."

"அதுவரைக்கும் தாங்காது."

நர்ஸ் அக்காவுக்கு இன்னும் சந்தேகம். "எதுக்கும் கை பலம் பார்த்துடலாம். என் கையை அழுத்துங்க சார்."

நீட்டிய கையைத் தாண்டி அவன் பல் டாக்டரின் கையைப் பிடித்தான்... பாதி உதட்டால் சிரித்தான். இந்த முறை வாயை மூடவில்லை.

"பலமெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள் அவள், கையை எடுக்காமல். அப்புறம் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நானும் உங்களையேதான் நினைச்சுட்டிருக்கேன்... விட்டுடாதீங்க."