மூஸ் கடித்த பிர்ச் கன்றுகள்

ருனே பெரியப்பா காலையிலேயே மண்வெட்டியைத் தீட்டுகிறார் என்றால் யாருக்கோ கேடு. அந்த மே மாதம் கேடு வந்தது, அவருடைய தம்பி மகள் தோராவின் வீட்டுக்குப் பின்னால், ருனேவின் நிலத்தில் நின்ற பன்னிரண்டு பிர்ச் மரக் கன்றுகளுக்கு.

பனி உருகியதும் காட்டுக்குள் போய், மூஸ் மான் கடித்த கன்றுகளை எண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். திரும்பி வந்து காபி குடித்தபடி மூஸ்களைத் திட்டுவதும் வழக்கம்தான். இரண்டிலும் ருனேவை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஆறு வருஷமா என் தோளைத் தாண்டல! துடைப்பம் மாதிரி நிக்குதுங்க. நாளைக்கே பிடுங்கிட்டு, மூஸ் தொடாத ஸ்ப்ரூஸ் மரம் நடப்போறேன்."

"வேணாம் பெரியப்பா! பனிக்காலத்துல அந்த அம்மா மூஸும் குட்டியும் எதைத் தின்னும்?" என்றாள் பத்து வயது தோரா.

"காபிக்கு வெச்ச என் பன்னைத் தின்னாம இருந்தா சரி. நீ போய்த் தூண்டிலுக்குப் புழு தோண்டு. சாயங்காலம் ஏரிக்குப் போகணும்."

எங்கள் குளிர்ந்த மண்ணில் புழு கிடைப்பது பெரும்பாடு. தோரா வாளியோடு அலைந்தாள். ஸ்ப்ரூஸ் மரத்தடியில் எறும்பு கடித்ததுதான் மிச்சம். மூஸுக்கு எட்டாத உயரமான பிர்ச்சின் அடியில், போன வருடத்து இலைகள் பழைய காகிதம்போல அப்படியே கிடந்தன. ஒரே ஒரு புழு. அதுவும் நோஞ்சான்.

கடைசியில் குட்டைக் கன்றுகளின் அடியில் கிளறினாள். அங்கே இலையையே காணோம்! நரம்பு மட்டும் மிஞ்சிய சில துண்டுகள், அவற்றின் கீழே கறுகறுவென்று மண், மண் முழுக்கக் கொழுத்த புழுக்கள்.

தோரா வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"பெரியப்பா, நீங்களே வந்து தோண்டிப் பாருங்களேன்."

"புழு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று ருனே நேரே உயரமான மரத்தடிக்குப் போனார். அரை மணி நேரம் தோண்டினார். ஒரு புழு வந்தது, அதுவும் நழுவிப் போனது. எதிர்வீட்டுத் திரைச்சீலை ஆடியதை அவர் கவனிக்காததுபோல இருந்தார்.

"இப்ப இங்க," என்று தோரா குட்டைக் கன்றைக் காட்டினாள்.

ஒரே வெட்டு. ருனேவின் வாய் திறந்தபடி நின்றது.

"இங்க மட்டும் எப்படி?"

"மூஸ் கடிச்ச கன்றுல இலை கொஞ்சமாத்தான் வருது பெரியப்பா. ஆனா ஒவ்வொண்ணும் பெருசா, மெத்துனு இருக்கு. போன கோடையிலயே தொட்டுப் பாத்தேன். அதான் சீக்கிரம் மக்கிடுது போல. மூஸ் போட்டுட்டுப் போற புழுக்கையும் சேருதுல்ல!"

ருனே மண்ணை அள்ளி முகர்ந்தார்.

"இவ்வளவு வேலையா பண்ணுது அந்தத் தடித் தலை மிருகம்!" என்றார். ஸ்ப்ரூஸ் நாற்றுகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் நட்டார்.

பனிக்காலத்தில் அம்மா மூஸும் குட்டியும் வந்தன. ருனே காபிக் கோப்பையோடு வாசற்படியில் நின்று ரகசியமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். தெருவுக்கே கேட்டது:

"ஏம்மா, இடது பக்கம் ஒரு கிளையை விட்டுட்டியே, அதையும் கடிச்சிடு!"