எச்சநீக்கம்

கர்ப்பிணிகளுக்குச் சத்து ஊசி போடும் திருத்தகத்தின் வாசலில் பெண்கள் குழந்தைகளை இடுப்போடு சேர்த்துப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் எந்தக் குழந்தையும் தாயைப் பற்றிக்கொள்வதில்லை. பட்டை தளர்ந்தால் சறுக்கி விழுந்துவிடும். குழந்தை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

வான்மதிக்கு அங்கேதான் வேலை. இன்று சீருடை அணியவில்லை. தன் வயிற்றுப் பிள்ளையைக் காட்ட வந்திருந்தாள்.

மனிதனுக்கு வேறெந்த உயிரோடும் உறவில்லை என்றது தனித்தோற்றச் சட்டம். முதலில் அருங்காட்சியகத்துப் பழைய எலும்புகள் சிமெண்ட் ஆலைக்குப் போயின. பிறகுதான் அரசுக்கு உறைத்தது, அந்த உறவுக்குச் சாட்சி உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று. வால் எலும்பு, குளிரில் சிலிர்க்கும் மயிர்க்கால், பிறந்த குழந்தையின் பிடி. நம் மூதாதைகள் தாயின் ரோமத்தைப் பற்றித் தொங்கிய காலத்துப் பிடி அது. கருவிலேயே மரபணுவைத் திருத்தி இவற்றையெல்லாம் அழித்தார்கள். உள்ளே இருப்பவர்கள் அதை எச்சநீக்கம் என்பார்கள். வெளியே அதற்குச் சத்து ஊசி என்று பெயர்.

டாக்டர் அருமைநாயகம் ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினார். கரு தொப்புள்கொடியைப் பிடித்திருந்தது. விட்டது. மறுபடி பிடித்தது. வான்மதி திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"என்ன மதி, புதுசா பாக்குற மாதிரி பாக்குறே? கையை நீட்டு."

"வேண்டாம் சார்."

"எது வேண்டாம்?"

"ஊசி. அது பிடிச்சுக்கிட்டு இருக்கு. விடச் சொல்ல நான் யாரு?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மனுஷன்னு பதிய மாட்டாங்கம்மா. ரேஷன் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. ஊரே குரங்குக்குட்டின்னு கூப்பிடும்."

"குரங்கு நமக்குப் பங்காளி சார். ஒரே பாட்டன் வழி. பங்காளிகூடப் பேச்சுவார்த்தை இல்லைன்னா, பாட்டனே இல்லைன்னு ஆயிடுமா?"

"வெளிய போய் இப்படிப் பேசிவைக்காதே. உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"வெளிய பேசத்தான் போறேன்."

காத்திருப்புக் கூடத்தில் அவள் குரலை உயர்த்தவில்லை. தன் வயிற்றுக்குள் பார்த்ததையும், அந்த ஊசி எதை அழிக்கிறது என்பதையும் சொன்னாள். வயிறு மேடிட்டிருந்த ஒருத்தி, மடியில் கிடந்த மூத்தவனைப் பார்த்தாள்.

"அக்கா, ஊசி போடாம இருந்திருந்தா இவன் என்னைப் பிடிச்சிருப்பானா?"

"பிடிச்சிருப்பான்மா."

உள்ளிருந்து ஊசிக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். எவரும் எழுந்து போகவில்லை.