சித்தியின் வண்டிக்கு இரண்டு அளவு

நண்டுவின் சித்தி ராணுவத்தில் மீட்பு வண்டி ஓட்டுகிறார். சேற்றில் புதைந்த லாரியையும் பள்ளத்தில் கவிழ்ந்த ஜீப்பையும் தூக்கி வெளியே இழுத்துப் போடுவது அந்த வண்டியின் வேலை. அதற்கு ஆறு சக்கரங்கள், பின்பக்கம் கொக்கி தொங்கும் ஒரு கிரேன். சித்தி அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

நண்டு என்பது அவளுடைய அண்ணன் வைத்த பெயர். அவளுக்குப் பத்து வயதாகியும் அவன் அதை மாற்றுவதாக இல்லை.

சித்தி ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வருகிறார் என்று அம்மா சொன்னதும், அந்த வண்டியை அட்டையில் செய்து கொடுப்பது என்று நண்டுவும் அண்ணனும் முடிவு செய்தார்கள்.

முதலில் ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்தார்கள். வண்டியின் மூக்கு யானைக்குட்டி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. பின்பக்கமோ சூம்பிப்போனது. புகைப்படத்தில் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரியும், அதை நம்பி அளவெடுக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

நூலகத்தில் ராணுவ வண்டிகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. அதில் அதே வண்டியின் அளவுப் படங்கள் இருந்தன. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கும் ஓட்டுநர் அறைக்கும் தனித்தனிப் படங்களும் இருந்தன. வரைந்தவர் ஒரு திருகாணியைக் கூட விடவில்லை. நண்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பொறுமை ஒரு மனிதருக்கு எப்படி வரும் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோக மட்டும் நூலகர் அனுமதித்தார். வண்டியின் அடிச்சட்டம் இருந்த படம் நீளமானது. கடைக்காரர் அதை இரண்டு தாளில் எடுத்துக் கொடுத்தார், ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஓட்டுநர் அறையின் படம் ஒரே தாளில் வந்துவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஓட்டுநர் அறை அண்ணனுக்கு. அடிச்சட்டமும் சக்கரங்களும் கிரேனும் நண்டுவுக்கு. அண்ணன் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து அட்டையில் குறித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வெட்டினான். கதவு திறந்து மூடியது. கதவின் கைப்பிடி ஒரு அரிசி அளவுதான் இருந்தது. கடவுள் அண்ணனுக்குக் கொடுத்த விரல்களைத் தனக்கும் கொடுத்திருக்கலாமே என்று நண்டு நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர் தலையில் கைக்குழந்தையின் தொப்பியை வைத்த மாதிரி இருந்தது. சக்கரத்தின் மேல் உட்கார வேண்டிய வளைவுக்குள் சக்கரம் நுழையவே இல்லை.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. நண்டு தப்பாக அளந்திருப்பாள் என்றான். அளக்கத் தெரியாதவன் நீதான் என்றாள் அவள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இருவரும் கப்சிப் ஆனார்கள்.

நண்டு படங்களைத் தரையில் பரப்பி, தன் அளவுகளை மறுபடி சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அண்ணனுடைய அளவுகளையும் பார்த்தாள். அவையும் சரி. இரண்டு பேரும் சரி என்றால் வண்டி ஏன் சேரவில்லை?

அப்போதுதான் படங்களின் அடியில் இருந்த சின்னக் கோடு அவள் கண்ணில் பட்டது. கோட்டின் மேல் "1 மீட்டர்" என்று போட்டிருந்தது. உண்மையான வண்டியில் ஒரு மீட்டர் என்பது படத்தில் எவ்வளவு என்று காட்டும் கோடு அது. அடிச்சட்டப் படத்தில் அதை அளந்தாள். நான்கு சென்டிமீட்டர். அண்ணனின் படத்தில் அளந்தாள். மூன்று.

"அண்ணா, கடைக்காரர் உன் படத்தைச் சின்னதாக்கிட்டார். தாள்ல அடங்கட்டும்னு பண்ணியிருப்பார். நீயும் தப்பா அளக்கல, நானும் தப்பா அளக்கல."

அண்ணன் தானே ஒருமுறை அளந்து பார்த்தான். பிறகு ஓட்டுநர் அறையைக் கையில் எடுத்தான். அவன் விரல்கள் அதை நசுக்கத் தயாராவதை நண்டு கவனித்துவிட்டாள்.

"அதைத் தொடாதே. அது சின்ன அளவுல ரொம்பச் சரியா இருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி மிச்ச வண்டியை நான் மாத்திடறேன்."

"நீ செஞ்சது எல்லாம் வீணாயிடுமே, நண்டு."

"என்னோடது வெறும் பட்டைதானே. உன் கதவு மாதிரி இன்னொரு கதவை யாரால செய்ய முடியும்?"

அண்ணன் கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. நான்கு சென்டிமீட்டர் இருந்த இடத்தில் மூன்று, எட்டு இருந்த இடத்தில் ஆறு. நண்டு அடிச்சட்டத்தின் ஒவ்வொரு பட்டையையும் கிரேனையும் புதிதாக வெட்டினாள். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தெரிந்தும், உள்ளே இருந்த குறுக்குப் பட்டைகளில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. படம் வரைந்தவர் விடவில்லையே. அண்ணன் ஆறு சக்கரங்களையும் வட்டமாக வெட்டிக் கொடுத்தான். சாயங்காலம் ஓட்டுநர் அறையை மேலே வைத்தபோது, சக்கரங்கள் வளைவுகளுக்குள் பாந்தமாகப் போய் உட்கார்ந்தன. இருவரும் கொஞ்ச நேரம் அதைத் தொடவே பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து பார்த்தார்கள், கைப்பிடியைப் பார்த்தார்கள், அண்ணனைத் தட்டிக்கொடுத்தார்கள். நண்டுவும் பெருமையோடு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கதவையும் தொடவில்லை. வண்டியை மெல்லத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் குறுக்குப் பட்டை உள்ளே இருக்குங்கறது வண்டிக்கு அடியில படுத்து எழுந்தவங்களுக்குத்தான் தெரியும். யார் செஞ்சது இது?"

நண்டு வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "இவதான் செஞ்சா, சித்தி. முழு வண்டியும் சேர்ந்ததே இவளாலதான்."

சித்தி பையைத் தோளிலிருந்து நழுவவிட்டுத் தரையில் அமர்ந்தார். நண்டுவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். எந்தப் பட்டை உடைந்தால் வண்டி எப்படி ஆடும், எதைப் பிடித்துக்கொண்டு கிரேன் நிற்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அண்ணனும் வந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டான்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். தரையிலிருந்து ஒருவரும் எழவில்லை.